பாண் வாங்கப் போனவள்

எனக்குப் பொறாமைக் குணம் கிடையாது என்று முப்பது வயதுவரை நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்திலும் மருத்துவ பீடத்திலும் நான்தான் முன்னுக்கு நின்றேன். பிறகு யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? மகப்பேற்று மருத்துவம் படித்து முடித்த கையோடு பொதுச் சுகாதாரத்தில் ஒரு வருடப் பெலோஷிப் பயிற்சி கிடைத்தது. அங்கேதான் கூடப் பயிற்சி எடுக்க அவள் வந்து வாய்த்தாள்.

அவள் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரி. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவரின் மகள், கத்தோலிக்கப் பெண். நான் வெள்ளவத்தை, அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணம். பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த சிங்கள டொக்டரை நாங்கள் மேடம் என்போம். வருட முடிவில் உங்கள் இருவரில் ஒருவரைத்தான் இந்தப் பிரிவில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியும் என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த உத்தியோகக் கதிரை எனக்குத்தான் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் தாய்மார் எங்களைத் தேடி வருவார்கள். இந்தப் பயிற்சியில் அவர்களைத் தேடி நாங்கள் போக வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஆறேழு ஒழுங்கைகளை எங்களுக்கு ஒதுக்கி, வாரத்தில் ஆளுக்கொரு நாள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கச் சொன்னார் மேடம். எனக்கு வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோயிலுக்குப் போக வேண்டும், வியாழன் பின்னேரம் வீடு கழுவ வேண்டும். ஆகவே செவ்வாய்க்கிழமையைக் கேட்டு எடுத்தேன்.

“செவ்வாயா? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“ஏன், உமக்கு அந்த நாள் வேணுமோ?”

“இல்ல, எனக்கு வியாழன் சரி. செவ்வாய்க்கிழமை எங்கட ஆக்கள்…”

“எனக்குத் தெரியும்,” என்று வெட்டினேன். என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை என்றால் அந்த ஒழுங்கைப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் தேவாலயத்தில் நவநாள் பூசைக்குப் போய்விடுவார்கள் என்பது எனக்கு மூன்றாவது கிழமைதான் விளங்கியது. அதுவரை பிரஷர் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு பூட்டிய கதவுகளைத் தட்டித் திரிந்தேன். விளங்கிய பிறகாவது அந்த நாளை மாற்றித் தரும்படி கேட்டிருக்கலாம். அவளிடம் போய்க் கேட்பதா? எனக்கு வாய் வரவில்லை.

அவளுடைய பதிவுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பெயர்கள் நிறைந்தன. என்னுடையதில் ‘வீட்டில் இல்லை’, ‘வீட்டில் இல்லை’ என்று என் வடிவான கையெழுத்தில் ஒரே பல்லவி. மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்ப்பார். எனக்கு வயிறு பற்றி எரியும். செவ்வாய்க்கிழமையைப் பிடித்து என் தலையில் கட்டியவள் அவள்தான் என்றுகூட வீட்டில் சொல்லி அழுதேன். “நெடுக அவளின்ர கதைதான் கதைக்கிறாய்,” என்றார் அம்மா. “முதல்ல சாப்பிடு பிள்ளை.”

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒருத்தி கதவைப் பூட்டிக்கொண்டு நின்றாள். எட்டு மாதம், தலைப்பிள்ளை. தலையில் பூசைக்குப் போடும் லேஸ் முக்காடு. அப்பாடா, ஒரு தாய் அகப்பட்டாள் என்று நான் பையைத் திறந்தேன்.

“டொக்டர், குறை நினைக்காதீங்க, பூசைக்கு நேரமாச்சு,” என்றாள். “மத்த டொக்டர ஒருக்கா கெதியா வரச் சொல்லுங்களேன். அவங்ககிட்ட ஒண்டு சொல்லணும்.”

மத்த டொக்டர். நான் ஒருத்தி படித்த படிப்போடு அவளுக்கு முன்னால் நிற்கிறேன், அவளுக்கு மத்த டொக்டர் வேண்டுமாம். “சொல்லுறன்,” என்று பையை மூடினேன். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. தாய் ஒன்று சொன்னால் ஏன் என்று கேள் என்பதுதான் அந்தப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். செருப்பு வார் அவளுடைய வீங்கிய காலுக்குள் பதிந்து கிடந்ததாக ஒரு ஞாபகம் இருக்கிறது. அதை அன்றைக்கே கண்டேனா, பிறகு என் மனம் சேர்த்துக்கொண்டதா, தெரியாது.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது அந்த மத்த டொக்டர் பக்கத்து மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. வியாழக்கிழமை தானாகப் போவாள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் பஸ் ஏறினேன். புதன்கிழமை முழுக்கவும் அவள் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அன்றைக்கும் சொல்லவில்லை.

வியாழன் காலை அவள் பிந்தி வந்தாள். முந்தின நாள் பின்னேரம் அந்தக் கடைசி வீட்டுத் தாயைக் கண்டதாகவும், பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததால் கையோடு த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும், உடனே ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்ததாகவும் மேடத்திடம் சொன்னாள். இரண்டு உயிரும் தப்பிவிட்டன. கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை. இதிலும் இவளா என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை மேடம் எங்கள் இருவரையும் வார்டுக்குக் கூட்டிப்போனார். கட்டிலில் இருந்த தாய் அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் கையை என் பக்கம் நீட்டி என் கையைப் பிடித்தாள்.

“டொக்டர், நீங்க சொன்னபடியாத்தானே அவங்க மறுநாளே வந்தாங்க. தலை இடிச்சு, கண்ணெல்லாம் மங்கிக் கிடந்தது. நீங்க சொல்லாம விட்டிருந்தா நானும் இல்ல, பிள்ளையும் இல்ல.”

மேடத்துக்குத் தமிழ் விளங்காது. என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்க்கத் தொடங்கினேன். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தாய் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் மேடத்துக்குச் சொன்னாள். மேடம் என் தோளில் தட்டி, இதுதான் களவேலை என்றார்.

படியிறங்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: “நான் புதன்கிழமை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனது. அவ வாசல்ல நிண்டா. அவ்வளவுதான்.”

“ஓம்,” என்றேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். மழைக்குக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

வருட முடிவில் கதிரை எனக்குத்தான் கிடைத்தது. அவள் களுபோவிலப் பக்கம் வேலைக்குப் போனாள். ஒருவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நானும் அவளைத் திட்டித் தீர்த்து ஆறியிருப்பேன். அவளுக்கு அந்த மனம் எங்கிருந்து வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளிடம் இருந்த எல்லாவற்றிலும் எனக்கு ஆகப் பெரிய பொறாமை அதில்தான்.

மேடம் அந்தக் கேஸைப் பயிற்சிப் பாடத்தில் சேர்த்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற பிறகு, படிப்பு முடித்த கையோடு வந்து உட்காரும் புது டொக்டர்மாருக்கு ஒவ்வொரு வருடமும் அதை நானே படிப்பித்தேன்: தாய் சொன்ன தகவல் தாமதமில்லாமல் கைமாறியது, அதனால் இரண்டு உயிர் தப்பியது. ஒரு வருடம் பின்வரிசையில் இருந்த பெண் எழும்பி, “அந்தத் தகவலைக் கொண்டுபோய்ச் சொன்ன டொக்டர் ஆர், மேடம்?” என்று கேட்டாள்.

“நான்தான்,” என்றேன்.