மருதாணி வைத்த கால்

1987 நவம்பர் 9, திங்கட்கிழமை, காலை ஏழு இருபது. திருச்சியில் தூறல், குடையை விரித்தால் நிற்கும், மடக்கினால் பெய்யும். துணை ராணுவப் படைக்கு ஆளெடுக்கும் மைதானத்தில், மருத்துவச் சோதனை வரிசையில் என் மகன் நாற்பத்திரண்டாவது ஆள். ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் தேறியிருந்தான். பாக்கி இது ஒன்றுதான். தார்ப்பாய் மறைப்புக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே பேசுவது கேட்டது.

“என்னப்பா, காலெல்லாம் செவப்பா இருக்கு? கல்யாணமா?” என்றார் டாக்டர்.

“மருதாணிங்க சார். சேத்துப்புண்ணுக்கு வச்சது. பத்து நாளா நடவு.”

“மாப்ள ரெடிடா, பொண்ணத்தான் காணோம்” என்றது வரிசையில் ஒரு குரல். சிரித்தார்கள்.

டாக்டர் குனிந்து விரல்களைப் பிரித்துப் பார்த்தார். பத்து விரலுக்கு எட்டு இடுக்கு. ஐந்தில் புண். ‘நாள்பட்ட தோல் நோய், தகுதியில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சேற்றில் நின்று விரலிடுக்கு வெந்துபோனால் மருதாணியை அரைத்து அப்பிக்கொண்டு படுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சோதனைக்குள் புண் காயட்டும் என்று முதல் நாள் இரவு என் மனைவி வைத்துவிட்டாள். நிறம் இல்லாமலிருந்தால் அவர் குனிந்தே இருக்கமாட்டார் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

வலங்கைமான் பக்கம் எங்களுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை நிலம். அந்த வருஷம் கூலித் தகராறு. வரப்பு முனையில் கொடி நட்டுவிட்டு ஆட்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள். வெளியூர் ஆளைக் கொண்டுவந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். காலையில் போனால் இரவுதான் வருவேன். மகனும் மனைவியுமே நட்டார்கள்.

உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். சென்னை வக்கீல் சொன்னார்: “சேத்துப்புண் நோயா, வேலையில வந்த புண்ணா? இதுதான் சார் கேஸு. மறுபடி சோதிக்கச் சொல்லி உத்தரவு வாங்கிடலாம். ஆனா அவங்க கூப்பிடறப்ப கால் சுத்தமா இருக்கணும்.”

“எப்பங்க கூப்பிடுவாங்க?”

“அது அவங்களுக்கே தெரியாது.”

அடுத்த வருஷமும் கூலிப் பேச்சு முடியவில்லை. மகனை நான் வயலில் இறங்கவிடவில்லை. வீட்டிலேயே செருப்போடு நடந்தான்.

“ஏங்க, புள்ள காலப் பாக்குறதா, வயலப் பாக்குறதா?” என்றாள் மனைவி.

“கால” என்றேன்.

அவள் ஒருத்தியாக இரண்டு மா நட்டாள். நாலு மா தரிசாகக் கிடந்தது. குத்தகை நெல் அளக்க முடியவில்லை. நிலக்காரரின் காரியஸ்தர் வந்து களத்தில் நின்றார். “ஒங்க வீட்டுல இப்ப வெளையிறது காலுதானா?” என்றார். அதற்கும் வழக்கு நடந்தது. நிலம் போய்விட்டது.

படை வழக்கில் உத்தரவு வந்தபோது 1989 செப்டம்பர். மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து எட்டு இடுக்கையும் பார்த்தார்கள். ‘தகுதி’ என்று எழுதினார்கள். ஆனால் பழைய தேர்வுப் பட்டியல் முடிந்துவிட்டதாம். புதிதாக எழுதலாமென்றால் மகனுக்கு வயது வரம்பு தாண்டி இருபத்துமூன்று நாள். மறு சோதனை செய்யச் சொன்ன உத்தரவில் வேலை கொடுக்கச் சொல்லி ஒரு வரி இல்லை.

“இன்னொரு மனு போடலாம்” என்றார் வக்கீல்.

மகன் என்னைப் பார்த்தான். “வேணாம்ப்பா. காலுதான் நல்லாருக்கே. நடவுக்குப் போறேன்.”

அதற்குள் கூலிப் பேச்சு முடிந்திருந்தது. ஐப்பசியில் கூலிக்குப் போனான், எங்களிடமிருந்து போன அதே ஆறு மாவுக்கு. நாலாம் நாள் விரலிடுக்கு வெந்துவிட்டது. மனைவி மருதாணி அரைக்கவில்லை. வேப்பெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினாள்.

இரண்டு வழக்குக்கும் வக்கீல் கூலி, முத்திரைக் கட்டணம், சென்னைக்கு ஒன்பது தடவை போய்வந்தது எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூற்று எண்பத்தாறு ரூபாய்.