அஞ்சலிப் பக்கத்தில் ஜாக்பாட்

ஹேக் ஆன இணையதளத்தை மீட்டுக் கொடுக்கும் தொழிலுக்கு நெஞ்சுரம்தான் முதல் தகுதி, கம்ப்யூட்டர் அறிவெல்லாம் அப்புறம். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, ஆண்டர்சன்பேட்டையில் நான் பட்டதைக் கேளுங்கள்.

வாழ்த்து

ஏழுமலை அண்ணன் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அது மூடிய பிறகு போட்டோவுக்கு பிரேம் போடும் கடை வைத்தார். ஊரில் யார் இறந்தாலும் படத்தோடு அஞ்சலி போட ஓர் இணையதளமும் நடத்துகிறார், வெளியூர்ச் சொந்தங்களுக்காக. அன்று அதைத் திறந்து காட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாக்கியம் அக்காவின் வீட்டுக்காரர் படத்துக்குக் கீழே, 'வாழ்த்துகள், உங்களுக்கு ஜாக்பாட்' என்று சிவப்பில் மின்னியது. பக்கத்திலேயே நின்ற அக்கா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உயிரோட இருந்தவரைக்கும் ஒரு பரிசும் விழலைங்க அவருக்கு" என்றார்.

அழிப்பு

மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும் என்றேன். 'அழித்து' என்றதுமே அண்ணன் என் கையை மவுஸோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மென்பொருள் வேறு, படங்கள் வேறு, படங்களை முதலில் நகலெடுத்துவிடுவேன் என்று எவ்வளவோ சொல்லியும் பிடி தளரவில்லை. அக்கா வீட்டிலிருந்த படம் மழையில் நனைந்து வீணாகிவிட்டதாம். வீட்டுக்காரர் முகம் மிஞ்சியிருப்பது இந்தத் தளத்தில் மட்டும்தான். வருஷ திதிக்கு அதைத்தான் பெரிதாக்கி பிரேம் போட வேண்டும்.

"அதுவும் போச்சுன்னா நான் இன்னாத்த பார்த்து வெளக்கேத்துறது?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

படங்களுக்கு நடுவே

ஒருவழியாக அண்ணன் பிடியை விட்டதும் எல்லாப் படங்களையும் நகலெடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். படங்கள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு படத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஹேக்கரின் புரோகிராம் உட்கார்ந்திருந்தது. கவனிக்காமல் திரும்ப ஏற்றியிருந்தால் திருடனை நானே உள்ளே விட்டிருப்பேன். அதை நீக்கி, மென்பொருளைப் புதிதாக நிறுவி, படங்களை ஏற்றினேன். அக்காவின் வீட்டுக்காரர் திரையில் வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"ஆளு பத்திரமா மேல வந்துட்டாரும்மா."

பாஸ்வேர்டு

கடினமான புது பாஸ்வேர்டு ஒன்று வைத்து, யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அண்ணனிடம் கொடுத்தேன். பிரேம் போட்ட படத்தை அக்கா வாங்க வந்த நாளில் கடைக்குப் போனால், வாசல் பலகையில் சாக்பீஸால் அதே பாஸ்வேர்டு, தெருவே படிக்கும்படி பெரிய எழுத்தில். பழையதும் அங்கேதான் இருந்ததாம். ஏன் அண்ணே இப்படி என்றேன்.

"நான் செத்தா எனக்கு யாரு அஞ்சலி போடுவாங்க? மைன்ஸ்ல மேல வர்ற வழி ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சா, அவன் விழுந்த அன்னிக்கு மத்தவன் கதி இன்னா?"

அந்தப் பலகையை அவர் அழிக்கப்போவதில்லை என்பதால்தான், சகபாவிகளே, மறுபடி நிறுவத் தயாராக அந்தத் தளத்தின் நகல் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு எப்போதும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.