சகலையைத் தெரிகிறது, என்னைத் தெரியவில்லை

இன்று காலை கோயிலில் என் மனைவி என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டாள்!

கூப்பிட்டது மட்டுமில்லை. கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் வீட்டுக்காரரு வருவாரு" என்றாள்.

வீட்டுக்காரர் நான்தான்.

(சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள். நானே சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.)

விஷயம் தெரியாத நண்பர்களுக்கு: கலாவுக்குப் போன வருடம் ஸ்ட்ரோக் வந்தது. கை கால் எல்லாம் முருகன் புண்ணியத்தில் திரும்பிவிட்டன. பேச்சு அதற்கு முன்பே வந்துவிட்டது (அதற்கும் நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும்). முகங்கள் மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

"அவங்க கண்ணு ஓகே, ஞாபகமும் ஓகே. மூக்கு தெரியும், வாய் தெரியும். எல்லாத்தையும் சேத்து, 'ஓ, இவரா'ன்னு சொல்ற இடத்துலதான் மூளையில அடி."

"அப்போ என்னை மறந்துட்டாளா டாக்டர்?"

"மறக்கலை. நீங்க பேசுனா தெரிஞ்சுடும்."

ஆரம்பத்தில் பொருள்களுக்கும் இதே கதிதான். சீப்பைக் காட்டினால் நெற்றியைச் சுருக்கி யோசிப்பாள். கையில் கொடுத்தால் உடனே தலை வாருவாள். பொருள்கள் மெல்ல மெல்லச் சரியாகிவிட்டன. என் முகத்தைத்தான் கழற்றி அவள் கையில் கொடுக்க முடியவில்லை.

நான் வாயைத் திறந்தால் போதும், "என்னங்க, எப்ப வந்தீங்க?" என்பாள்.

ஆனால் எனக்கு அது போதவில்லை. பார்த்த பார்வையிலேயே தெரிய வேண்டும் என்று வீம்பு. வேலை முடிந்து வந்து கேட் பக்கத்தில் ஊமை மாதிரி நிற்பேன்.

"யாரு? மீட்டர் பாக்க வந்தீங்களா?"

இந்த நிலைமையில்தான் பத்து பாகாட் ஊரிலிருந்து சகலை வந்தார். கலாவின் அக்கா புருஷன். காரை விட்டு இறங்கியவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாயையும் திறக்கவில்லை.

"வாங்க அத்தான்!" என்றாள் கலா.

அலமாக்!

ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கித் தூங்கி முதுகு போனவன் நான். ஒரு பை ஆரஞ்சோடு வந்தவர் அவர்!

சகலை மீசையைத் தடவினார். அது சாதாரண மீசை இல்லை. மோட்டார் சைக்கிள் ஹேண்டில் மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும்.

"பாத்தியா தம்பி? நம்மளை எப்படி மறக்கும்?"

நான் பல்லைக் காட்டினேன். அந்த ஆரஞ்சைத் தொடவில்லை. (மறுநாள் தொட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.)

மகள் பவித்ரா சமாதானம் சொன்னாள். "அப்பா, அம்மா மீசையை வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க."

"எனக்கும் மீசை இருக்குல்ல?"

"உங்க மீசை ஜொகூர்ல பாதிப் பேருக்கு இருக்குப்பா."

(பெற்ற பிள்ளை!)

போகப் போகக் கலாவே எனக்கும் ஓர் அடையாளம் கண்டுபிடித்தாள். என் சுருட்டை முடி. கெலாங் பாத்தாவில் எங்கள் வரிசை வீடுகளில் இப்படி ஒரு தலை எனக்கு மட்டும்தான்.

"முடியைப் பாத்தா நீங்க மாதிரி இருக்கு... நீங்கதானே?"

கேள்வியாகத்தான் கேட்டாள். ஆனாலும் அன்று நான் வீட்டுக்குள் நடந்த நடையைச் சகலை பார்த்திருக்க வேண்டும்!

இனி என் அறிவைப் பாருங்கள்.

கலா எழுந்து நடந்தால் மொட்டை போடுகிறேன் என்று ஆஸ்பத்திரியில் இருந்தபோதே முருகனிடம் வேண்டியிருந்தேன். அந்த வேண்டுதலை முடிக்கத்தான் இன்று பவித்ராவோடு கோயிலுக்குப் போனோம். சகலையும் வந்திருந்தார், ஒரு தேங்காயோடு.

முடி எடுப்பவர் கேட்டார்: "அண்ணே, மீசையுமா?"

சகலை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், மீசையோடு. அவர் காதில் விழும்படி சத்தமாகச் சொன்னேன்.

"சாமிக்குக் குடுக்குறதுல மிச்சம் வைக்கக் கூடாது லா. எல்லாத்தையும் எடுங்க!"

எடுத்துவிட்டார். குளித்து, தலையில் சந்தனம் பூசி, பளபளவென்று கலா முன்னால் போய் நின்றேன்.

அப்புறம் நடந்ததுதான் முதலில் சொன்னது.

ஒரு வார்த்தை பேசியிருந்தால் முடிந்திருக்கும். பேச்சு வரவில்லை. இந்தத் தடவை வீம்பு இல்லை, பயம். என்னைக் கண்டுபிடிக்க அவளுக்கு இருந்த ஒரே அடையாளத்தையும் நானே சிரைத்துப் போட்டுவிட்டேனே! இனி அவளுக்கு நான் யார்?

சொன்னபடி தள்ளி நின்றேன். அங்கே என்னைப் போலவே சந்தனம் பூசிய மொட்டைகள் வரிசையாக நின்றன.

அப்போது சகலை வந்தார். தூரத்திலேயே கலா, "அத்தான், அவரைப் பாத்தீங்களா?" என்றாள்.

மறுபடியும்!

சகலை என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனார். சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினேன்.

கலா திரும்பி மொட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"என்னங்க, வெயில்ல ஏன் நிக்கிறீங்க?"

இந்தத் தடவை "நீங்கதானே?" இல்லை!

"எப்படிம்மா தெரிஞ்சுச்சு?"

"இங்க இருக்குற மொட்டை எல்லாம் சாமியைப் பாக்குது. நீங்க ஒருத்தருதான் அத்தானை முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க!"

சகலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. (சந்தனம் கண்ணில் பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.)

திரும்பி வரும்போது காரில் பவித்ரா பாடம் எடுத்தாள்.

"பொறாமை கெட்ட குணம்பா. இனிமே விட்டுடுங்க."

விட்டுவிடலாம்தான்.

ஆனால் முடி வளரும் வரைக்குமாவது வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்!