கண்ணை மூடினால்

பக்கவாதம் வந்து எழுந்தபின் அதுதான் முதல் ஞாயிறு ஆராதனை. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சர்ச்சு வரை மனைவி என் கையை விடவேயில்லை. எரிச்சலாக வந்தது.

“நான் இன்னா கொழந்தையா? அந்தாண்ட போ” என்று பெண்கள் பக்கம் விரட்டினேன்.

போதகர் ஜெபத்துக்கு எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரையும் போலக் கண்ணை மூடினேன். உடனே இடது கால் காணாமல் போய்விட்டது. ஊன்றியிருக்கிறதா, மடங்கிவிட்டதா, தெரியவில்லை. உடம்பு சாய்ந்தது. பதறிக் கண்ணைத் திறந்து காலைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அது நின்றது. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஜெபம் முடிவதாக இல்லை.

நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை என்று நிமிர்ந்தேன். பெண்கள் பக்கத்தில், குனிந்த தலைகளுக்கு நடுவே, அவள் மட்டும் கண்ணை மூடாமல் என் இடது காலையே பார்த்து ஜெபித்துக்கொண்டிருந்தாள்.