உண்டியலில் போட்ட கிளி

என் கையெழுத்து கோணல், பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரே நின்று பேச வாய் வராததால்தான் எழுதுகிறேன்.

சித்தூரில் நான் மாம்பழத் தாண்ட்ரா போடுகிறேன். சாற்றைப் பாயில் ஊற்றி, காயக் காய மேலே ஊற்றி, வில்லை போடும் தொழில். பாக்கெட்டின் மேல் ஒரு பச்சைக் கிளிப் படம். திருமலைக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ வருகிறவர்களுக்கு நம் எழுத்து தெரியாது. திருப்பதிக் கடைகளில் கிளியைக் காட்டித்தான் கேட்பார்கள். என் பிழைப்பே அந்தக் கிளிதான்.

தொழில் தொடங்கியபோது முதல் வரும்படியில் கொஞ்சத்தை மலை உண்டியலில் போட்டேன். கூடவே கிளி லேபிள் ஒன்றையும் போட்டேன். சாமிக்குத் தெரிந்துவிட்டது, இனி எவன் தொடுவான் என்று நினைத்தேன்.

பிறகும் ஒரு சந்தேகம். டிரேட் மார்க் பதிவு செய்யவா என்று, என் சரக்கை மொத்தமாக எடுக்கும் திருப்பதி வியாபாரியைக் கேட்டேன். நெற்றி நிறைய நாமம் போட்ட பெரிய மனிதர்.

"எத்தினி பேரு வெங்கடேஸ்வரா ஓட்டலு வச்சிக்கினு கீறான்? சாமி கேசு போட்டாரா? பேரு, படம் எல்லாம் பொதுப்பா. வேலயப் பாரு நைனா."

அடுத்த மாம்பழக் காலத்தில் அதே கிளி அவர் பாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. உள்ளே சர்க்கரையும் சாயமும். மாம்பழம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போய்க் கேட்டேன்.

"நான் ரிஜிஸ்டர் பண்ணிக்கினேன். இனிமே நீ கிளி போட்டா கேசாவும்."

பொது என்று உபதேசம் செய்த அதே வாய்! வீட்டுக்குத் திரும்பினேன்.

மனைவி விடவில்லை. "உண்டியல்ல போட்டியே, ரசீது வாங்கினியாயா?"

வக்கீலிடம் போனோம். முதலில் பயன்படுத்தியவனுக்கும் உரிமை உண்டு, வழக்குப் போடலாம், ஆனால் நீளும் என்றார். அதுவரை கடைக்காரன் எந்தப் படத்தைக் காட்டி என் சரக்கை விற்பான்?

"கிளி போனா போவுது. பாயில வந்து குந்துதே கொளவி, அத்தப் போடு" என்றாள் மனைவி.

போட்டேன். குளவிக்கு வாசனை தெரியும். அந்த நாமக்காரர் சரக்கின் மேல் அது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்த முறை லேபிள் அச்சடிக்கும் முன்பே பதிவுக்கு மனு கொடுத்தாயிற்று. மலைக்கும் போய்வந்தேன், கும்பிட மட்டும்.

இதை எழுதி முடித்தது, ஆடிக் கிருத்திகை அன்று.