அஞ்சு மணி இருமல்

எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் ஒரு சங்கு இருந்தது. விடியற்காலை அது ஊதினால் வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து நிற்கும் என்பார்கள். அது கெட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது. சரி செய்யச் சொல்லி யூனியன் கேட்டது, மேனேஜர் மேலிடத்துக்கு எழுதினார், மேலிடம் யோசித்தது, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் சங்கின் வேலையைப் பாண்டித்துரை அண்ணன் எடுத்துக்கொண்டார். யாரும் அவரை நியமிக்கவில்லை. அவர் இருமினார், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு ஃபேக்டரியில் அடுப்பு வேலை. தேயிலை காயவைக்கிற டிரையருக்கு விறகு போட்டு நெருப்பு மூட்ட வேண்டும். அதனால் வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயத்து வீடுகளில் முதலில் எழுந்து வெளியே போகிற ஆள் அவர்தான். கதவைத் திறப்பார், பீடியைப் பற்றவைப்பார், இருமல் தொடங்கும். நான் ஜீப் ஓட்டுகிறவன். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த ஜீப்பைச் சாவி போட்டால் எப்படி முக்கும், முனகும், நின்றுவிடும், பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டு உறுமும், அதே வரிசைதான். லயத்தின் முதல் வீட்டில் பிடித்தால் கடைசி வீட்டைத் தாண்டி வளைவு வரை போகும். அதற்குள் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்.

செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆளுக்கொன்று இருக்கிறது. அலாரம் அடித்தால் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அதை அமர்த்திவிடும். பாண்டித்துரை அண்ணனை அமர்த்த முடியாது. சேவல்கள் இருந்தன, புலி கொண்டுபோய்விட்டது. ஆக, பெரட்டுக்குப் போகிற பெண்கள், அதாவது காலையில் களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், எல்லோரும் அந்த இருமலை நம்பித்தான் சோறு பொங்கினார்கள். என் மனைவி மாரீஸ்வரியும் அதில் ஒருத்தி. எனக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் கனம்தான் சுவர். அந்த இருமலை நான் திட்டாத நாள் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த உலகத்தைக் கெடுத்தது ஒரு மெடிக்கல் கேம்ப். ஹெல்த் சென்டரிலிருந்து மலையாளத்து நர்ஸ் சிஞ்சு சிஸ்டர் ஒரு குழாயைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஊதினால் உள்ளே ஒரு முள் நகரும், நுரையீரலுக்கு எவ்வளவு தெம்பு என்று காட்டும். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க, மூச்சை இழுத்து ஊதினார். முள் அசையவில்லை. இருமல்தான் வந்தது.

"மெஷினு கெட்டுப்போச்சும்மா" என்றார் அண்ணன்.

சிஞ்சு சிஸ்டர் தானே ஊதிக் காட்டினார். முள் ஓடியது. "மெஷினுக்கு ஒண்ணும் கொழப்பமில்ல அண்ணா. கொழப்பம் நெஞ்சிலாணு. பீடிய நிறுத்தணும். இன்னிக்கே."

அண்ணன் சிரித்து மழுப்பினார். ஆனால் பின்னால் அவர் மனைவி முத்துப்பேச்சி மதினி நின்றிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மதினி அண்ணன் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அண்ணன் பதில் சொல்லியிருப்பார். பேசாததால் மாட்டிக்கொண்டார்.

பீடியை விட்டவனுக்கு உடம்பு தேறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேறுவதற்கு முன்னால் என்ன ஆகும் என்று ஒருத்தனும் சொல்வதில்லை. முதல் சிக்கல் கக்கூஸில் தொடங்கியது. இத்தனை வருடமும் பீடிப்புகை உள்ளே போனால்தான் மற்றது வெளியே வரும் என்று அந்த வயிறு பழகியிருந்தது. புகை வரவில்லை, அதுவும் வேலைநிறுத்தம் செய்தது. எங்கள் பக்கத்துக்கு இருப்பது ஒரே கக்கூஸ். அண்ணன் உள்ளே உட்கார்ந்து தியானம் செய்ய, வெளியே வாளியோடு வரிசை நிற்கும்.

"அண்ணே, உங்க வைராக்கியத்தக் கொஞ்சம் வெளிய வந்து வச்சுக்கிடுங்க" என்று நான் கத்துவேன்.

அடுத்தது கோபம். பூனைக்குட்டிக்குக்கூட ஒதுங்கி வழிவிடுகிற மனுசன், ஃபேக்டரியில் விறகுக்கட்டையோடு சண்டை போட்டார். ஈரக்கட்டை தன்னைப் பார்த்துப் பொய் சொல்கிறதாம். அப்புறம் பசி. கடலைமிட்டாய், மரவள்ளிக்கிழங்கு, பக்கத்து வீட்டு இட்லி என்று எது கிடைத்தாலும் உள்ளே போனது. சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன.

இருமல் நின்றதா என்றால், அதுதான் இல்லை. முன்னைவிடக் கூடியது. நெஞ்சில் வருடக்கணக்காகக் குடியிருந்த சளியெல்லாம் கிளம்பி வெளியே வந்தது. நுரையீரல் தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது, பயப்படாதீர்கள் என்றார் சிஞ்சு சிஸ்டர். அண்ணனின் பீடிக்கூட்டாளி அழகுமலை அதை நம்பவில்லை. "பாத்தீகளா, பீடிதேன் அத்தனையும் உள்ள அமுக்கி வச்சிருந்துச்சு" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பெண்களுக்குக் கொள்ளைச் சந்தோசம். சத்தம் கூடியதால் முன்பைவிடச் சீக்கிரமே விழிப்பு வந்தது. அந்த நாட்களில் பெரட்டுக்கு எங்கள் லயம்தான் முதலில் போய் நின்றது.

பிறகு மூக்கு திறந்தது. ஒரு நாள் அண்ணன் சாப்பிட உட்கார்ந்து, ஒரு வாய் குழம்பை வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய எழுந்து ஓடினார்.

"என்ன எழவ ஊத்துன நீ? வாயெல்லாம் பத்தி எரியுது!"

"நீங்க கேட்ட காரந்தேன்" என்றார் மதினி. "ஒறைக்கல ஒறைக்கலன்னு முப்பது வருசமா அள்ளி அள்ளிப் போடச் சொன்னது நீங்க. அதத் தின்னு தின்னு என் வயிறுதேன் வெந்து போச்சு."

அண்ணனுக்கு நாக்கு இருந்தது அன்றுதான் அவருக்கே தெரிந்தது. அதன் பிறகு அந்த மூக்கு சும்மா இருக்கவில்லை. தன் போர்வையை முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே கொண்டுபோய் எரித்தார். என் வீட்டில் கருவாடு வறுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்பார். அழகுமலை வளைவில் வரும்போதே "தள்ளி நில்லுலே, நாறுது" என்று சொல்ல ஆரம்பித்தார். நேற்று வரை இரண்டு பேரும் ஒரே நாற்றம்தான். மேட்டில் ஏறும்போது வழக்கமாக உட்காருகிற கல்லைத் தாண்டி நிற்காமல் போனார். ஏறி முடித்துத் திரும்பி வந்து, சும்மா இன்னொரு முறை ஏறினார்.

அந்தச் சந்தோசத்தில் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. இருமல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு காலையில் அது வரவே இல்லை. அண்ணன் பாட்டுக்குக் கதவைச் சாத்திவிட்டு, பனியில் சத்தமில்லாமல் நடந்து ஃபேக்டரிக்குப் போய்விட்டார். எங்கள் லயம் தூங்கியது. முத்துப்பேச்சி மதினிகூடத் தூங்கினார். களத்தில் சூப்பர்வைசர் குடையைப் பிடித்துக்கொண்டு, எதிரே எங்கள் லயத்தார் ஒருத்தரும் இல்லாமல், வெறும் மண்ணைப் பார்த்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். தலையை முடியாமல் ஓடிப்போய் நின்ற எல்லோருக்கும் அன்று அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான், விழுந்தது. மறுநாளும் அதே கதை. சீசன் நேரம். இனியும் இப்படி வந்தால் வேலை கிடையாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.

அன்று சாயங்காலம் அண்ணன் வாசலில் கூட்டம் கூடியது. நோயாளியைப் பார்க்க வந்ததுபோல எல்லோர் முகத்திலும் கவலை. அண்ணன் நடுவில் குற்றவாளியாக நின்றார்.

"வேணும்னா நாளைக்கு இருமிப் பாக்கேன்" என்று சொல்லி, அங்கேயே ஒரு தடவை இருமிக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைகிறவர் செருமுவதுபோல் மரியாதையாக வந்தது. காலடியில் கிடந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

அழகுமலை மடியிலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்து நீட்டினான். "காலம்பற ஒண்ணே ஒண்ணு. உங்களுக்காகவாண்ணே கேக்கோம்? ஊருக்காக."

பாண்டித்துரை அண்ணனுக்கு ஒரு பலவீனம் உண்டு. தன்னால் ஒருத்தருக்குக் கஷ்டம் என்றால் தாங்கமாட்டார். பீடியை வாங்கினார். விரலில் உருட்டினார். மூக்கில் வைத்து முகர்ந்தார். புதிதாகத் திறந்த மூக்கு, என்ன செய்யும் பாவம்.

"மணமாத்தேன் இருக்கு" என்றார், அழுகிற குரலில். எனக்கு அப்போது நிஜமாகவே பயம் வந்தது. இவ்வளவு நாள் அந்த இருமலைத் திட்டியவன், தீப்பெட்டி யார் கையிலும் இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

முத்துப்பேச்சி மதினி உள்ளிருந்து வந்து அந்தப் பீடியையும் கட்டையும் பிடுங்கி அடுப்பில் போட்டார். "இனி எவனாச்சும் பீடியோட இந்த வாசல்ல வந்தீக, வெளக்குமாறு பிஞ்சுபோகும்."

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நல்லாச் சொன்னீக மதினி. உங்களுக்கென்ன, சத்தம் இல்லாம சொகமாத் தூங்குதீக. எங்களுக்கு முன்னாடி எந்திரிக்கிற ஆளு இன்னிக்கி எங்களுக்கும் பிந்தித்தான வந்தீக?"

மதினி அவளை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

வழி சொன்னது அனுப்பிரியா. கீழ் லயத்துப் பெண், காலேஜில் படிக்கிறாள். போன வருடம் ஒரு காதுகுத்தில் அவள் எடுத்த வீடியோவில் குழந்தை அழுகிற சத்தமே கேட்காது, அண்ணன் இருமுவதுதான் கேட்கும். அந்த இருமலை மட்டும் வெட்டி எடுத்து, மேட்டில் இருக்கிற மாரியம்மன் கோயில் மைக்செட்டில் போட்டால் என்ன என்றாள். சாமி பாட்டு போடலாமே என்றேன். வெள்ளிக்கிழமை போடத்தானே செய்கிறார்கள், சனம் போர்வைக்குள்ளேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது என்றாள். அண்ணனிடம் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவார் என்று முடிவானது. சாவியை அழகுமலையிடம் கொடுத்தோம். கோயிலை நம்பி அவனிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடியுமுன்னே அந்த இருமல் வானத்திலிருந்து விழுந்தது. முக்கியது, முனகியது, பிடித்துக்கொண்டு உறுமியது. மலையில் மோதித் திரும்பி வந்து இரண்டாவது முறை இருமியது. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. நான் வெளியே ஓடிவந்து பார்த்தேன். பாதி லயம் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

பாண்டித்துரை அண்ணன் பாதையில் டார்ச்சைப் பிடித்தபடி, முகமெல்லாம் பதற்றமாக, மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருப்பா அது?" என்று கேட்டார். "யாரு இப்பிடி இருமுறது? இந்த ஆளு பொழைக்க மாட்டானே. ஜீப்ப எடுப்பா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்."

அந்த நேரத்தில் மதினி வீட்டிலிருந்து விளக்குமாற்றோடு பாய்ந்து வந்தார். "பீடி குடிச்சீகளா? திரும்பவும் குடிச்சீகளா?" என்று ஓங்கியவர், அண்ணன் வாய் மூடியிருப்பதைப் பார்த்தார். இருமல் மட்டும் மேலே தொடர்ந்துகொண்டிருந்தது. மதினி அவர் வாயைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், விளக்குமாறு அப்படியே நின்றது.

"அண்ணே, அது நீங்கதேன்" என்றேன் நான். "போன வருசத்து நீங்க."

அண்ணன் கேட்டார். முழுவதும் நின்று கேட்டார். அவ்வளவு வருடம் இருமினவர், அதை வெளியே இருந்து கேட்டதில்லை. அது முடிந்ததும் மதினி பக்கம் திரும்பினார்.

"இம்புட்டு வருசமா இதையா பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டுக் கெடந்த?"

"இது கேட்டாத்தான தூக்கம் வரும்" என்றார் மதினி. விளக்குமாறு கீழே விழுந்தது. "எங்கய்யாவும் இப்பிடித்தேன் இருமுவாரு. ஒருநா ராத்திரி இருமல் நின்னுச்சு. அப்பாடா, நல்லாயிருச்சு போலன்னு திரும்பிப் படுத்தோம். விடிஞ்சு பாத்தா ஆளில்ல. உங்களுக்கு நின்னதுல இருந்து எனக்குக் கண்ணு மூடல. ஒங்க மூக்குல கையி வச்சு வச்சுப் பாக்கேன். விடியிற நேரத்துலதேன் அசந்து போறேன். சொகமாத் தூங்குதேனாம்."

மாரீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் ஒருவருக்கும் சிரிப்பு மிச்சமில்லை. அண்ணன் நேராகக் கோயில் மேட்டில் நிற்காமல் ஏறினார். மைக்செட்டை அமர்த்தினார்.

மறுநாளிலிருந்து அண்ணனே கதவு கதவாக வந்து கூப்பிடுகிறார். இப்போது அதற்கு மூச்சு இருக்கிறது. வீட்டுக்கு வீடு பேர் சொல்லி, பதில் வரும் வரை நகராமல், கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவார். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் என் கதவை விடுவதில்லை. இதற்கு இருமலே தேவலை என்று நான் மனதார நினைத்துக்கொள்கிறேன். அழகுமலை ஜன்னலில் மட்டும் மூக்கை வைத்து ஒரு இழு இழுத்துவிட்டு, "இன்னும் விடலையால?" என்பார்.

அவர் கூப்பிடாத வீடு ஒன்றே ஒன்றுதான். லயம் முழுக்க எழுந்து, அடுப்பெல்லாம் புகைந்த பிறகு, யார் வீட்டு அடுப்பிலாவது பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டு எடுத்துக்கொண்டு கடைசியாகத் தன் வீட்டுக்குள் போவார். மதினி அதுவரை, அண்ணன் குரல் கேட்கிற தைரியத்தில், குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் ஒரு செங்கல் சுவர் தாண்டி எனக்கு நன்றாகவே கேட்கும்.