எரியுதுன்னு சொன்ன அத்தை

எங்கள் ஹாபாய் தீவு மருத்துவமனையில் பத்தொன்பது வருஷமாக நர்ஸாக இருக்கும் கலோலைனேயிடம் ஊசி விஷயத்தில் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். பிடித்த பிடியை விடமாட்டாள்.

காரணம், மீன் பிடிக்கிற செமிசி. ஆறு வருஷத்துக்கு முன்னால், வாந்தி நிற்க அவன் புறங்கை நரம்பில் மருந்து ஏற்றியது அவள்தான். "வலிக்குதா?" என்று கேட்டாள். "நல்லாயிருக்கு சிஸ்டர்" என்றான். நர்ஸம்மா மனசு கோணக் கூடாதாம்! எங்கள் ஆட்களின் பாழாய்ப்போன மரியாதை இது. உள்ளே நெருப்பாய் எரிந்திருக்கிறது. மருந்து நரம்புக்கு வெளியே கசிந்து சதையை அழுக வைத்து, இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. செமிசி அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

போன மாசம் அவள் சித்தப்பா காலமானார். அவளுடைய அப்பாவுக்கும் அவருக்கும் மூத்தவளான லாவினியா அத்தை பெரிய தீவிலிருந்து கப்பலில் வந்தாள். தம்பியின் தலைமாட்டில் அவள் வந்து உட்காராமல் அடக்கம் நடக்காது. அவள் சொல்லைத் தம்பி பிள்ளைகள் தட்டவும் முடியாது. அப்படிப்பட்டவளுக்குக் கப்பலில் ஆரம்பித்த வாந்தி கரை இறங்கியும் நிற்கவில்லை. அடக்கத்துக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது.

மற்ற வாந்தி மருந்துகள் தீர்ந்து, சரக்குக் கப்பலுக்குக் காத்திருந்த சமயம். கையிருப்பில் இருந்தது செமிசிக்கு ஏற்றிய அதே மருந்துதான்.

"தொடைச் சதையில ஆழமாப் போடணும் அத்தை."

"என்ன பேச்சுடி இது? தம்பி மக முன்னாடி துணியை விலக்கணுமா? இந்தா கை. சட்டுனு ஏத்து."

"புறங்கையில போட மாட்டேன்."

வெளியே பெஞ்சில் இருந்த உறவுக்காரர்களும், கரையிலிருந்து அத்தையை மருத்துவமனைக்குத் தூக்கி வந்த செமிசியும் எட்டிப் பார்த்தார்கள். அத்தையிடம் மாட்டேன் என்று சொன்ன மருமகளை இந்தத் தீவு கண்டதேயில்லை.

"யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. நீங்க சபிச்சாலும் சரி, போட மாட்டேன்."

அரை மணி நேரம் இழுபறி. அதற்குள் ஒரு வாளி நிறைந்தது. கடைசியில் கலோலைனே டாக்டரிடம் போனில் பேசி ஒரு வழிக்கு வந்தாள். முன்கையின் பெரிய நரம்பில், மருந்தை நிறைய சலைனில் கலந்து, மெதுவாக ஏற்றலாம்.

"ஆனா லேசா எரிஞ்சாலும் வாயைத் திறந்து சொல்லணும்."

"எட்டுப் பிள்ளை பெத்தவடி நான். ஒரு தடவை முனகினதில்ல."

"அப்படி வாயை மூடிக்கிட்டதுதான் செமிசி விரலைத் தின்னுச்சு. அதோ உட்கார்ந்திருக்கான், பாருங்க."

செமிசி கூச்சத்தோடு கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டான். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சலைன் இறங்க ஆரம்பித்தது. கலோலைனே அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டே நிமிஷம், அத்தையின் கால் கட்டைவிரல் மடங்கியது. பல்லைக் கடித்தாள்.

"அத்தை?"

"எரியுதுடி!"

அந்த நொடியே மருந்தை நிறுத்தினாள். அத்தையின் கைவிரல்களைத் தொட்டுப் பார்த்தாள். சூடும் நிறமும் சரியாக இருந்தன. அப்பாடா! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுபடி டாக்டரைக் கூப்பிட்டு, மீதி எவ்வளவு போடலாம் என்று கேட்டுக்கொண்டாள். அதற்குள் அத்தை தானாகவே ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"தொடையிலயே குத்தித் தொலை. கண்ணை மூடிக்க."

"கண்ணை மூடிக்கிட்டு எப்படிக் குத்துறது அத்தை?"

"சரி, நான் மூடிக்கிறேன்."

வாந்தி நின்றது. அத்தை நேரத்துக்குப் போய்த் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மருந்து மயக்கத்தில் தூங்கித் தூங்கி வழிந்தாள். எழுப்ப யாருக்குத் தைரியம்?

மறுநாள் விருந்தில், ஊரே கிழங்கும் பன்றிக்கறியுமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை எழுந்து நின்றாள்.

"நேத்து ஊசி எனக்கு எரிஞ்சுது. எரியுதுன்னு சொன்னேன். நானே சொல்லிட்டேன், இனி உங்களுக்கென்ன வெட்கம்?"

பந்தி முடிந்ததும் செமிசி கலோலைனேயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். விரல் போன கையை மடியிலிருந்து வெளியே எடுத்து வைத்துச் சொன்னான்:

"அன்னிக்கு ரொம்ப எரிஞ்சுது சிஸ்டர்."